கதவு பூட்டு

யுகாதிக்கு மறுநாள்
அஞ்செட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.
பையில் மூன்று ஒப்பட்டு, ஒரு தண்ணீர் பாட்டில்,
மின்வாரியத்தின் கைக்கருவி.
அதில் சார்ஜ் அறுபத்தெட்டு.

இன்றைக்கு நூற்றுப் பதினான்கு இணைப்புகள்.
வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே
கேழ்வரகு அறுத்த தாள், வேலி, நாய்,
மறுபடி நாய்.
போன வாரம் ஒரே ஒரு மழைதான்.
அதை நம்பி இந்த மண்ணுக்கு
எத்தனை அவசரம்!

வண்டித்தடத்தின் நடுமுதுகில்
மஞ்சளாய் நெருஞ்சி, முகம் கிழக்கே.
நான் திரும்பி வரும்போது அதுவும் திரும்பியிருக்கும்.
கல்லிடுக்கில் கொழிஞ்சி.
தும்பையைச் சுற்றிப் பெயர் தெரியாத ஒரு பழுப்பு.
விஷ்ணுகிராந்தியின் நீலம்
குனிந்தால்தான் கண்ணில் படும்.
குனிவதற்கென்று வாரியம்
நேரம் ஒதுக்கவில்லை.

பெயர்கள் எனக்குப் பிறகுதான் வந்தன.
முதல் வருடம்
‘அந்த மஞ்சள்’, ‘பொடி நீலம்’, ‘எருக்கம்பூக்காரன்’ என்று
பழைய கணக்கு அட்டைகளின் பின்பக்கம் எழுதிவைத்தேன்.
ஒருநாள் உதவிப் பொறியாளர் பார்த்துவிட்டார்.
‘நீல வசீகரன், நான்கு’ என்றிருந்தது.
யாரும்மா இது, நாலு மாசமா பாக்கியா என்றார்.
ஆமாம் சார், ஆள் ஓரிடத்தில் நிற்பதில்லை
என்றேன்.

சரிவில் கடைசி வீடு திம்மக்காவுடையது.
கம்பத்தடி எருக்கில் ஓர் இலை மிச்சமில்லை.
வரிவரியான புழுக்கள் போன வாரமே
விருந்து முடித்துப் போயிருந்தன.
ஒன்று மட்டும் தூரம் போகவில்லை.
மீட்டர் பெட்டியின் மூடி விளிம்பில்,
சரியாகக் கீல் மடங்கும் இடத்தில்,
தலைகீழாய்த் தொங்கியது பச்சைக் கூடு.
இடுப்பைச் சுற்றிப் பொன் பொட்டுகள்.
மூடியைத் திறந்தால் நசுங்கும்.

நெற்றியில் வியர்வை இறங்க நின்றேன்.
திம்மக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.
‘என் கம்மல் பேங்குல கிடக்குது,
இதுக்குப் பாரு தங்கத்தை!’

பூட்டிய வீடென்று போட்டுவிடலாம்,
போன தடவை வந்த தொகையே வரும் என்றேன்.
‘போன தடவை பொண்ணு பிரசவத்துக்கு வந்திருந்தா,
ராத்திரி பூரா லைட்டு எரிஞ்சுது,
அது ஜாஸ்தியாச்சே’ என்றாள்.
அதுவும் நியாயம்.
அடுத்த கணக்கில் கழிந்துவிடும் என்றேன்.
அதுவும் நியாயம்தான், ஆனால்
பணம் இப்போது அவளுடையது.

கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மூடியின் நிழல் அதன்மேல் விழுந்து விலகியது.
‘வாடகை அது கொடுக்கணும்,
கட்டுறது நானா?’
சிரித்தாள். சரி, போடு என்றாள்.

கருவி காரணம் கேட்டது.
பூட்டு, பழுது, நாய்,
மீட்டர் எரிந்துவிட்டது.
பட்டியலில் கூட்டுப்புழு இல்லை.
‘கதவு பூட்டு’ மேல் விரல் வைத்துத் தயங்கினேன்.
பதினொரு வருட வேலையில்
பொய்க்கணக்கு எழுதியதில்லை.

திம்மக்கா உள்ளே போனாள்.
அடுப்பைத் தணித்தாள், சாவியோடு வந்தாள்,
கதவைச் சாத்திப் பூட்டினாள்,
இழுத்தும் பார்த்தாள்.
‘இப்ப போடு.’

போட்டேன்.
இருவரும் வாசலில் நின்றபடி
ஆளுக்கொரு ஒப்பட்டு தின்றோம்.
மூன்றாவதைப் பாதியாக்கினோம்.
பிறகு அவள் தன் வீட்டைத் திறந்துகொண்டாள்.

இன்னும் நாற்பத்தொரு வீடு. சார்ஜ் பத்தொன்பது.
பள்ளத்தில் பம்ப்செட் குழாய் ஒழுகும் இடத்தில்
ஈரச் சேற்றை உறிஞ்சியபடி கொன்னை வெள்ளையன்கள்,
யாரோ கிழித்துப் போட்ட ரசீதுகள் போல.
பேனாவை எடுத்து எண்ணத் தொடங்கினேன்.
இருபத்து மூன்றில்
ஒரு கன்றுக்குட்டி துள்ளிக்கொண்டு வந்தது.
எல்லாம் எழும்பி,
என் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி,
இறங்கின.

மறுபடி ஒன்றிலிருந்து.