தை, பிரி, தை

பைசாந்தூவில் ஜனவரி என்றால்
தார்ச்சாலை செருப்பைப் பிடித்து இழுக்கும்.
ஆற்றுக்குக் குளிக்கப் போகாத ஒன்பது பேர்
இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலிகளில்
முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருக்கிறோம்.
கரும்பலகையில்
டிசம்பரில் யாரோ பாதியில் விட்ட கழித்தல் கணக்கு.
பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய ஒன்று
இன்னும் தலைமேல் நிற்கிறது.

நகராட்சியின் கோடைப் பட்டறை. புத்தகக் கட்டு.
பத்து நாள், கட்டணமில்லை,
ஊசி மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

சொல்லித்தரும் யமீலா எத்செகோயெனுக்கு
வயது இருபத்து மூன்று.
எங்களைக் கத்தரிக்கோல் எடுக்கச் சொல்லிவிட்டு
தன் நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள்.
அவளிடம் இருந்தவை இரண்டே சொற்கள்.
தை.
பிரி.
பெரும்பாலும் பிரி.

தாளை மடித்து நீவ எலும்புத் தகடு வேண்டும்.
ஒன்பது பேருக்கு மூன்றுதான் இருந்தன.
மறுநாள் வாஷிங்டன் பென்தாங்கூர்
(அவருடைய அப்பாவுக்கு அமெரிக்கா எந்தப் பக்கம் என்றே தெரியாதாம்)
செய்தித்தாளில் சுற்றிப் பதினொன்று கொண்டுவந்தார்.
இறைச்சி ஆலையில் முப்பது வருடம் கத்தி பிடித்தவர்.
"தொடை எலும்பு உதவாது. முன்னங்கால்தான் நேராக ஓடும்."
ராத்திரி முழுக்க வேகவைத்து, அரத்தால் ராவியிருக்கிறார்.
அன்றைக்கு மடித்த தாள்களிலெல்லாம்
லேசாக சூப் வாசனை.

பக்கத்து அறைக் களிமண் பட்டறையிலிருந்து
துரத்தப்பட்டு வந்தவன் எசேக்கியேல், ஒன்பது வயது.
காரணம் கேட்டோம், சொல்லவில்லை.
காதுமடலில் காய்ந்திருந்தது காரணம்.
எங்கள் கண்களுக்கு ஊசிக்காது பிடிபடாதென்று
முதல் நாளே கண்டுகொண்டான்.
ஓர் ஊசி கோத்துத் தர ஒரு பிஸ்கட்.
வியாழக்கிழமை விலையேற்றினான்.

நான் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில்
பத்தொன்பது வருடம்.
திறப்பேன், எழுதுவேன், முத்திரை குத்துவேன், மூடுவேன்.
பதிவேடு என்பது
கிடங்கிலிருந்து வருவது. அவ்வளவுதான்.
நாலாம் நாள் என் நாலாம் மடிப்பு
தொளதொளவென்று தொங்கியது.
பிரி என்றாள்.
பிரித்தேன், தைத்தேன்.
பிரி.
மூன்றாம் முறை எழுந்து வெளியே போனேன்,
வீட்டுக்கே போய்விடுவதென்று.
வெயில் அப்படி. திரும்பி வந்துவிட்டேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துச் சாய்த்தாள்.
"மேலே இழுத்தால் தாள் கிழியும்.
மடிப்பு ஓடுகிற திசையில் இழுங்கள்."
அந்தப் பத்து நாளில் அவள் பேசிய
மிக நீளமான பேச்சு அது.
இழுத்தேன்.
முடிச்சு போய் உட்கார்ந்த சத்தம்
காதுக்கு வரவில்லை, விரலுக்கு வந்தது.

என் புத்தகம் மூடவே மூடாது.
கரையில் வாய் பிளந்து கிடக்கும் முதலை.
வாஷிங்டன் தன்னுடையதில்
தனக்குப் பாக்கி வைத்தவர்களை எழுதத் தொடங்கிவிட்டார்.
எசேக்கியேல் தன்னுடையதைக் கொடுத்து
ஒரு பந்து வாங்கிவிட்டான், பாதிக் காற்றோடு.

பிப்ரவரி. அலுவலகம். மின்விசிறி.
ஒருத்தி அத்தையின் பிறப்புச் சான்று கேட்டு நிற்கிறாள்.
ஐம்பத்தெட்டாம் வருடப் பதிவேடு.
புரட்டிக்கொண்டே போகையில்
ஒரு மடிப்பின் நட்டநடுவில், தாளின் இடுக்கில்,
நூல்.
பழுப்பு நூல், ஐந்து தையல்.
இடப்பக்கம் ஓர் இர்மா, வலப்பக்கம் ஒரு ரூபென்.
இரண்டு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள்.
இதைத் தைத்த அன்று
இரண்டு பேரும் பிறந்திருக்கவில்லை.
வெறும் தாள். கோடு மட்டும் போட்ட தாள்.

மூன்றாம் தையல் கொஞ்சம் தளர்வு.
நகத்தால் நெருடிப் பார்க்கிறேன்.
யாருக்கோ அன்று கை வலித்திருக்கும்,
அல்லது சாப்பாட்டு மணி அடித்திருக்கும்.
பிரி என்று சொல்ல ஆளில்லாமல்
இத்தனை வருடம் தாங்கியிருக்கிறது.

"கிடைத்ததா?" என்கிறாள் அவள்.
இல்லை, என்கிறேன். கொஞ்சம் இருங்கள்.