கொலைகாரனுக்கு உயரம் கூடிவிட்டது

முதல் படத்தில் மூன்று சாவு.
மூன்றுக்கும் இடையில் நிறைய நேரம் கிடந்தது:
மழை, கல்லடிப் பாலம், பாலத்தில் ஒரு சைக்கிள்,
சைக்கிளில் ஒரு பிள்ளை,
பின்னால் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்குத்தான்
றிம்சியா என் கையில் நகத்தடம் பதித்தாள்.

இரண்டாவதில் பதினாலு.
எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். தொழில் பழக்கம்.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, விபத்துப் பிரிவு,
பன்னிரண்டு வருஷம்.

பதினொரு நாளில் எடுத்தார்களாம்.
கமுகம்மடல் முகமூடிக்குள் இருந்த லோகிதனுக்கு
டோஹா விசா வந்துவிட்டது.
ஆறாம் நாளே பறந்துவிட்டான்.
மிச்சக் கொலைகளை அவனுடைய மச்சான் செய்தான்.
ஆகவே, கதவுக்கு வெளியே ஐந்தரை அடியில் நின்றவன்
உள்ளே வரும்போது
நிலையில் தலையை இடித்துக்கொள்கிறான்.
தியேட்டர் முழுக்கச் சிரிப்பு.

இரத்தம், நன்னாரி சர்பத்.
பத்து நிமிஷம் கழித்தும் அதே சிவப்பு.
உண்மையானது கறுக்கும். தோலில் காய்ந்து இழுக்கும்.
நகக்கண்ணில் ஏறியிருந்து
சோறு பிசையும்போது ஞாபகப்படுத்தும்.
யாரும் இவ்வளவு கெதியாய்ச் சாவதுமில்லை.
தண்ணி கேட்பார்கள். போன் எங்கே என்பார்கள்.
ஒருவர், பூட்டாமல் விட்டுவந்த கடையைப் பற்றியே
கடைசிவரை கதைத்தார்.
இவர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை,
தீபாவளிக்கு முன் படம் வரவேண்டும்.

முதல் பாகத்தில் வாவியில் மிதந்த வாத்தியார்
இதில் சந்தையில் நின்று வாழைக்காய் வாங்குகிறார்.
அவன் ஏன் கொல்கிறான் என்பதை
யாரோ யாருக்கோ போனில் ஒரு நிமிஷத்தில் சொல்லிமுடிக்கிறார்கள்.
சொல்லாமலே விட்டிருக்கலாம்.
காரணம் தெரிந்த பிறகு
அவன் வெறும் காணிச் சண்டைக்காரன்.

ஆனால்
வாழைச்சேனை ஐஸ் பெக்டரி.
ஒன்பதாவதா பத்தாவதா, அங்கேதான் எண்ணிக்கை தவறியது.
சூரைமீன் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பிள்ளை குந்தியிருக்கிறாள்.
வாயிலிருந்து வெள்ளையாய் மூச்சு.
அதைக் கண்டு அவளே பயப்படுகிறாள்.
சால்வையைக் கடிக்கிறாள்.
மூக்கால் வருகிறது. மூக்கையும் பொத்துகிறாள்.
கமரா அசையவில்லை.
மெஷின் இரைகிறது, இசை போட மறந்துவிட்டார்களோ என்னவோ,
லைட் வாடகை ஏறிக்கொண்டிருந்திருக்கும்,
ஒருத்தரும் கச்சான் உடைக்கவில்லை.
அந்தப் பதினொரு நாளில் ஒரு தடவை
யாரோ ஒருவர் அவசரப்படாமல் நின்றிருக்கிறார்.

பிறகு வெளிச்சம்.
மச்சான் வந்தான், இடித்தான், சர்பத்.

"காசு தண்டம் புள்ள" என்றாள் றிம்சியா, வெளியே வந்து.
ஓம் என்றேன்.

இரவு ரெண்டரை.
அட்டெண்டன் லீவு.
பைண்ட் எடுக்க நானே இரத்த வங்கிக்குப் போனேன்.
பிரிட்ஜ் திறந்தது. குளிர் முகத்தில் அடித்தது.
உள்ளே வரிசையாய், கறுத்த சிவப்பு.

வாயைப் பொத்தினேன்.

"என்ன மிஸ், தடிமனா?"
அங்கிருந்த பொடியன் கேட்டான்.
தலையை ஆட்டினேன்.
கையை எடுக்கவில்லை.