மேலே கொண்டு போனால்

"இணைப்பு. பணியாளர் பகுதி."
பதவி உயர்வையும் இரங்கல் செய்தியையும்
ஒரே தொனியில் வாசிக்கிற குரல்.
என்டர் அழுத்தினேன்.
"இணைப்பு. பணியாளர் பகுதி."
மறுபடி அழுத்தினேன்.
பக்கம் தன் தலைக்கே திரும்பி வந்து நின்றது,
ஊரைச் சுற்றிவிட்டு ஏறிய இடத்திலேயே
இறக்கிவிடும் ஷேர் ஆட்டோ மாதிரி.

இடமாற்ற விண்ணப்பத்துக்கு இன்று ஐந்து மணி வரை.
குடியாத்தம் கிளையிலிருந்து காட்பாடிக்கு.
போன வருஷம் வரை காகிதம்.
எழுதித் தந்தேன், நாலு தடவை.
ரயில் 'குடியாத்தம்' என்று சொல்லி நிற்கிற இடத்தில்
குடியாத்தம் இல்லை.
இறங்கி, படியேறி, படியிறங்கி,
பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துத்தான் போகவேண்டும்
அந்தப் பெயருக்குச் சொந்தமான ஊருக்கு.
இந்த இணைப்பும் அப்படித்தான்.

போன் போட்டேன். சென்னை, தொழில்நுட்பப் பிரிவு.
சரண்ராஜ் என்றான். குரலுக்கு இருபத்தைந்து இருக்கும்.
"அதை கிளிக் பண்ணாதீங்க மேடம்.
சும்மா மேல கொண்டு போங்க. தானா விரியும்."
எதை?
"அம்புக்குறிய மேடம். மவுஸ்."
என் மேசையில் மவுஸ் இல்லை.
பிடுங்கி கேஷ் கவுண்டர் நியாமதுல்லாவிடம் கொடுத்து
ஆறு மாதம் ஆகிறது.
ஏன் என்றான். சொன்னேன்.
அந்தப் பக்கம் ஒரு ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும்.
"யாரையாவது பக்கத்துல கூப்ட்டுக்கோங்களேன்."

தொடக் கூடாது. தாண்டிப் போகவும் கூடாது.
மேலே நிற்க வேண்டும்,
நம் நிழல் அதன்மேல் விழுகிற மாதிரி.

நிழல் எனக்குப் புதிதா?
நெல்லூர்ப்பேட்டை ரோட்டில் மதியம் நடந்தால்
எங்கே புளியமரம்,
எங்கே போன மாதம் வரைக்கும் புளியமரம்
என்று இடது முழங்கை சொல்லிவிடும்.
மே மாதத்து வெயிலில் நிழலைக்
கண்ணால் தேடுகிறவர்கள்
எனக்குப் பின்னால்தான் வந்து சேர்கிறார்கள்.

ஆனால் இந்தத் திரையில் வெயில் அடிப்பதில்லை.

நாலு இருபது.
மவுஸ் இல்லாவிட்டாலும் அம்பு உள்ளேதான் இருக்கும்,
ஏதோ ஒரு மூலையில், கடைசியாக யாரோ விட்ட இடத்தில்.
அதை என் காது நிற்கிற இடத்துக்கு இழுத்துவர
ஒரு வழி உண்டு. மறந்திருந்தேன்.
இன்சர்ட்டை அழுத்தியபடி
எண் பலகையில் வகுத்தல் குறி.
நாளெல்லாம் வட்டி வகுக்கிற அதே விரல்.

அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை.
கீழ் அம்பு.
"பட்டியல். ஐந்து உருப்படிகள். விடுப்பு."
கீழே.
"சம்பளச் சீட்டு."
கீழே.
"பண்டிகை முன்ப..."

"இந்தாம்மே, மவுஸு கேட்டியாமே போன்ல."
நியாமதுல்லா செருகியே விட்டார். லேசாக நகர்த்தியும் விட்டார்.
பட்டியல் மடங்கிக்கொண்டது.
தொட்டாற்சிணுங்கி கேள்விப்பட்டிருக்கிறேன்.
இது தொடாச்சிணுங்கி.
"அண்ணே, கைய எடுங்க."
"நான் இன்னாம்மா பண்ணேன்? ஒண்ணையும் தொடலியே."
"அதேதான்ணே."

மறுபடி இன்சர்ட். மறுபடி வகுத்தல்.
விடுப்பு. சம்பளச் சீட்டு. பண்டிகை முன்பணம்.
"இணைப்பு. இடமாற்றம்."
மூச்சுவிடாமல் என்டர்.

முதல் விருப்பம், கட்டாயம். காட்பாடி.
காரணம், கட்டாயம், இருநூற்றைம்பது எழுத்து.
'ரயில் நிற்கிற இடத்தில் ஊர் இல்லை'
என்று அடித்தேன்.
ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்; அழியும்போதும்
ஒவ்வொன்றையும் சொல்லிக் காட்டியது குரல்.
'சொந்தக் காரணம்' என்று போட்டேன்.

நாலு ஐம்பத்திரண்டு.
"சமர்ப்பிக்கப்பட்டது."
இரங்கல் செய்தியின் அதே தொனி.

ஐந்து மணிக்குச் சரண்ராஜ் தானாகக் கூப்பிட்டான்.
நல்ல பையன்தான்.
"ஆச்சுங்களா மேடம்? யார் பண்ணிக் குடுத்தாங்க?"

பொற்கொடி, என்றேன்.

"அப்பாடா. அவங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிடுங்க மேடம்."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.