இரண்டு மணி இடைவேளை

பத்து வருஷம் கிரானைட் பாலிஷ் போட்ட உள்ளங்கைக்குச்
சுடுசோறும் ஒன்றுதான், பழையதும் ஒன்றுதான்.
அதை நம்பி நேத்ராவின் நெற்றியைத் தொட்டேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
புறங்கை கொஞ்சம் சொன்னது.
பிறகு என் நெற்றி, அவள் நெற்றி, மறுபடி என் நெற்றி,
காய்ச்சல் எனக்குத்தானோ என்று குழம்பும்வரை.

தெர்மாமீட்டரில் பேட்டரி தீர்ந்து மாசமாகிறது.
பர்கூரில் இந்நேரம் விழித்திருப்பவை
லாரிகளும் நானும்.

ஓசூர் கம்பெனியில் போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள்.
இரண்டு மணிக்குத்தான் சுகந்தி கூப்பிட்டாள்.

"எவ்வளவு சூடு?"
சார்ஜில் போட்டு மறந்த போன் அளவு, என்றேன்.
"பாதம்?"
சில்லுனு இருக்குது.
"சாயங்காலம் பிஸ்கட்டைத் தள்ளிவிட்டாளா?"
தள்ளினாள். கோபம் என்று நினைத்தேன்.
"கழுத்துல கன்னத்தை வெச்சுப் பாரு.
கை வேணாம். உன் கை எனக்குத் தெரியாதா."

வைத்தேன்.
சுட்டது.
தாடி குத்தி முனகினாள் குழந்தை.
அந்த முனகல் ஓசூர் வரை போயிருக்க வேண்டும்.
மறுமுனையில் கேன்டீன் தட்டுகளின் சத்தம் மட்டும்,
கொஞ்ச நேரம்.

"சிரப் பிரிட்ஜ் மேல. டாக்டர் சொன்ன அளவுக்கு
மூடியில பேனாக் கோடு போட்டிருக்கேன்.
விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வா.
கம்பெனி பஸ்ஸை விட்டு நேரா அங்க வந்துடறேன்."
மணி அடித்தது. வைத்துவிட்டாள்.

கன்னத்தை நான் எடுக்கவில்லை.
பால் வண்டி போன நேரம்
அதில் மெல்ல ஒரு ஈரம்.
வியர்வை.
அவளுடையதா என்னுடையதா என்று
பார்க்க
அசையவில்லை.