கிழி

உங்கள் மொழியில் எத்தனை எழுத்து என்று
ஹுவீ லிங் கேட்டாள்.
இருநூற்று நாற்பத்தேழு என்றாள் ஜெயக்கொடி.
அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்துகொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
வந்தது யாருக்கும் தெரியாது.
பதினான்கு மாதமாக என் சிரிப்பு
முகம்வரை வருவதில்லை,
பாதி வழியில் நின்றுபோன லிஃப்ட்.

தெலோக் பிளாங்கா, பதினொன்றாம் மாடி.
கட்டிலைச் சற்றே நிமிர்த்தினால்
துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும்.
அவற்றில் ஒன்றின் கண்ணாடிக் கூண்டில்
பத்தொன்பது வருடம் உட்கார்ந்து
காலுக்குக் கீழே கப்பல் பார்த்தவன் நான்.
இப்போது தின் தின் மோ
இரண்டு மணிக்கொரு முறை
என்னைத் திருப்பிப் போடுகிறாள்.
சரக்கு நான்.
நன்றாகவே கையாள்கிறாள், குறை சொல்ல முடியாது.
எதுவும்தான் சொல்ல முடியாது.

மண்டையோட்டைத் திறந்து
மூளைமேல் பதித்திருக்கிறார்கள்
கட்டைவிரல் நகமளவு ஒரு வில்லை.
வலக்கையை இறுக்கி மூடுவதாக நினையுங்கள்,
மிஸ்டர் குணாளன்.
நினைத்தேன். திரையில் புள்ளி
குடித்தவனைப் போல் தள்ளாடியது.
மூன்று வாரம் அப்படியே.

நான்காம் வாரம் கையை மறந்தேன்.
மழை ஓய்ந்த இரவு, காற்று கொஞ்சம் மீதி,
நாற்பதடிப் பெட்டி கம்பிகளில் ஆடுகிறது.
ஆட்டம் எந்தப் பக்கமோ
அந்தப் பக்கமே ஒரு நூல் கூடப் போய்,
பிடியை மெல்லத் தளர்த்தி,
லாரியின் நான்கு மூலைப் பூட்டுகளில்
இறக்குகிறேன்.

புள்ளி நின்றது.
ககரத்தின் மேல்.

மெய் ஒரு முறை, உயிர் ஒரு முறை,
அவள் பலகையில் அப்படித்தான் ஏற்பாடு.
தலையில் இகரம் கொக்கியாய் விழ, கி.
ழகரத்துக்கு நெடுந்தூரம், கடைசி வரிசை.
திரும்பவும் இகரம்.
இருபத்தாறு நிமிடம்.

கிழி.

அறையில் யாரும் பேசவில்லை.
ஹுவீ லிங் மொழிபெயர்ப்பைப் பார்த்தாள்,
கருவியைப் பார்த்தாள்,
பிழையாக இருக்கலாம் என்றாள்.
ஜெயக்கொடி பார்த்தது
என் தலையிலிருந்து கிளம்பும் ஒயரை.
ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டவள் அவள்தான்.
"எதைக் கிழிக்கணும்?
வேணாங்கிறீங்களா? எடுத்துடச் சொல்லவா?"

இன்னும் இரண்டு எழுத்து இருந்தது என்னிடம்.
தே. தி.
அதற்குள் அவளை அழவிட்டுவிட்டேன்;
இந்தப் புள்ளிக்கு வேகம் போதாது.

எதிர்ச் சுவரில், சிராங்கூன் சாலை
மளிகைக் கடைக் காலண்டர்.
மார்ச் ஒன்பது, சனிக்கிழமை.
நான் விழுந்த நாள்.
கிழித்தால் என்னவோ ஆகிவிடும் என்று
அவளுக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.
எனக்குத் தெரியாது அது.
நானூற்றுச் சொச்சம் காலைகள்,
கண் திறந்ததும்
மார்ச் ஒன்பது, சனிக்கிழமை,
ராகு காலம் ஒன்பது முதல் பத்தரை.

டீ-சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு
நாற்காலிமேல் ஏறினாள்.
ஒவ்வொன்றாக இல்லை, கொத்துக் கொத்தாக.
ஏப்ரல் போயிற்று, தீபாவளி போயிற்று,
மகன் தேசிய சேவைக்குப் போன
திங்கட்கிழமை போயிற்று.
தாள் தீர்ந்தது.
வருடம் எப்போதோ தீர்ந்திருந்தது.
மிச்சம் அட்டை, அதில் முருகனும்
கடையின் தொலைபேசி எண்ணும்.

இன்னிக்கு மே பதினாலு, புதன், என்றாள்
சத்தமாக,
திட்டுவதைப் போல.

அடுத்த மாதம் கையுறை வருமாம்.
நான் நினைத்தால் அது என் விரலை மடக்கும்.
கோப்பை பிடிக்கப் பழகலாம் என்கிறாள் ஹுவீ லிங்.
கோப்பை கிடக்கட்டும்.
ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும்
ஒரு தாளின் ஓரத்தில்
சந்தித்தால் போதும்.

தின் தின் மோ புதுக் காலண்டர் வாங்கி வந்திருக்கிறாள்.
சீனக் காலண்டர், சிவப்பு எண்கள்.
ஆணிதான் கொஞ்சம் உயரம்.
இறக்கி அடிக்கச் சொல்ல வேண்டும்.
இ.
றகரமும் கடைசி வரிசைதான்.
பார்க்கலாம், சாயந்திரத்துக்குள்.