பின் இடது

தமாமில் வாங்கி, கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்த ரிசீவர்.
திருவனந்தபுரம் சுங்கத்தில் ஒருவன் தூக்கிப் பார்த்து
இதென்ன, இரும்பா என்றான்.
பதினோரு கிலோ.
சத்தம் என்றேன்.

இருபது வருஷத்துக்குப் பிறகு
மார்த்தாண்டத்திலிருந்து புது டிவி வந்தது.
மாட்ட வந்த சஜின்
ரிசீவரின் முதுகைத் திருப்பித் துளை தேடினான்.
"இதுல ஒண்ணும் ஏறாது அண்ணே.
அட்மாஸ்னா சத்தம் தலைக்கு மேல வரும்.
சவுண்ட்பார் ஒண்ணு போதும், இத எடைக்குப் போடுங்க."

தலைக்கு மேல் எனக்கு ஓடு இருக்கிறது.
ஓட்டுக்கு மேல் குளச்சல் மழை.
அதற்குத் தனியாக ஒரு பெட்டி எதற்கு?

ஆப்டிகல் வயர் மட்டும் பொருந்தியது.
நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம்.
இதன் வழியே எதை அனுப்ப என்று கேட்டது டிவி.

பிசிஎம் சுத்தம்தான், ஆனால் இரண்டு பெட்டிக்கே பரிமாறும்;
மிச்சப் பெட்டிகள் பந்தி கிடைக்காத விருந்தாளிபோல் நிற்கும்.
பாஸ்-த்ரூ புதுப் படத்தின் ஒலியை அப்படியே தள்ளிவிட,
ரிசீவர் ஒரு முறை 'டிக்' என்றது.
பிறகு பேசவே இல்லை.
டிடிஎஸ் எனக்குப் பிரியம். ரிசீவருக்கும் தெரியும்.
இந்த டிவிக்கு அந்தப் பெயரே தெரியாது.
ஆட்டோ என் மைத்துனன் மாதிரி,
அன்றைக்குத் தோன்றியதைச் செய்யும்.

டால்பி டிஜிட்டல்.
ரிசீவரின் நெற்றியில் நீல எழுத்து எரிந்தது.
சொந்தக்காரன் குரலைக் கண்டுகொண்டதுபோல.

சஜின் போனபிறகு சொல்கிறேன்:
எனக்கு இடது செவி கேட்காது.
ஜுபைலில் கம்ப்ரஸர் ரூம், பதினாறு வருஷம்.
எத்தனை பெட்டி வைத்தாலும்
எல்லாம் எனக்கு வலது பக்கம்தான்.

அதனால் ரெஜிலெட்டைக் கூப்பிட்டேன்.
சாளை அறுத்த கையைக் கழுவிவிட்டு வந்து
நடு நாற்காலியில் இருந்தாள்.
கண்ணை மூடு. சத்தம் எங்கிருந்து வருதுன்னு விரல் காட்டு.

டெஸ்ட் டோன். ஷ்ஷ்ஷ்.
முன் இடது, காட்டினாள்.
நடு, மூக்குக்கு நேரே.
முன் வலது.
பின் வலது, தோளுக்கு மேலே கட்டைவிரல்.
பின் இடதுக்கு
சன்னலைக் காட்டினாள்.

"அது கடலு."
"கடலில்ல, பெட்டி."
"கடலுதான். ஆனி மாசம் பின்ன எப்பிடி இரையும்?"

போய்ப் பார்த்தேன். வயரை எலி தின்றிருந்தது.
எப்போதோ. அலமாரிக்குப் பின்னால்,
செம்பு பச்சையாகிப்போயிருந்தது.
எத்தனை படம் பார்த்தோம் இப்படி!
அந்தப் பக்கம் அமைதியாக இருப்பது
எனக்குப் பழக்கம்.
அவளுக்குக் கடல் இருந்தது.

முறுக்கி, டேப் ஒட்டி, மறுபடி ஓடவிட்டேன்.
"அய்யோ, ஆரது?" என்று கழுத்தைத் திருப்பினாள்.

ராத்திரி மகள் நிச்சயத்தின் டிவிடி.
அதில் இரண்டு சேனல்தான்.
அதற்கு ரிசீவரில் ஒரு பட்டன் உண்டு, ப்ரோ லாஜிக்,
இரண்டை ஐந்தாக ஊகிக்கும்.
பேச்சை நடுவில் இருத்தும்,
எங்கும் சேராததையெல்லாம் பின்னால் அனுப்பும்.
ஃபாதர் நடுவில் ஜெபித்துக்கொண்டிருக்க
ரெஜிலெட் சட்டென்று நிமிர்ந்தாள்.
"நிறுத்துங்க. பின்னால போங்க."
மூன்று தடவை.
"பாயசம் தண்ணின்னு ஒருத்தி சொல்லுகா.
மாப்பிள வீட்டுக்காரிதான். எனக்கு அப்பவே தெரியும்."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியாக மெனு தூரம் கேட்டது:
ஒவ்வொரு பெட்டியும்
உட்காருகிறவரிடமிருந்து எத்தனை அடி?
டேப்பை என் சாய்வு நாற்காலிவரை இழுத்தேன்.
பிறகு சுருட்டி
அவள் நாற்காலியிலிருந்து அளந்தேன்.
எட்டு, ஒன்பது, எட்டு, ஆறு,
பின் இடது நாலரை.

எனக்குக் கேட்காததை
அவளிடம் கேட்டுக்கொள்ளலாம்.
மூன்று தடவை சொல்வாள்,
பாயசம் விஷயமென்றால்
நாளைக்கும் சொல்வாள்.