கிழக்கு ஓரம்

லியெபாயாவில் பனி கொட்டும் ஞாயிறு.
டிராம் ஓட்டும் கிர்ட்ஸ்
பழஞ்சந்தையில் மூன்று யூரோவுக்கு வாங்கிய பெட்டி
மேசைமேல்.
உள்ளே இரண்டு வட்டுகள், ஒரு வரைபடம்,
யாரோ பென்சிலில் குறித்துவைத்த புதையல்.

தீவு மட்டும் அதில் இல்லை.
அது விரிவாக்கம்;
நேற்றிரவு இணையத்தில் வாங்கினான்,
பதினைந்து யூரோ.

‘மூல விளையாட்டு காணப்படவில்லை’
என்கிறது திரை.

பெட்டியைத் தூக்கித்
திரைக்கு நேரே காட்டுகிறான்,
சிரிக்காமல்தான்.

விஸ்மா எட்டிப் பார்த்துச் சொல்கிறாள்:
அந்தக் கடைக்குத் தான் விற்றது மட்டும்தான்
கண்ணுக்குத் தெரியும்.
முழுசையும் இன்னொரு தரம் வாங்கு.

வட்டு கரகரவென்று சுழல்கிறது.
கப்பல் புறப்பட்டுவிட்டது.
வரைபடத்தின் கிழக்கு ஓரம் வெறும் நீலம்.

பென்சில் தேடி எடுத்து
அங்கே ஒரு தீவு வரைகிறான்,
சற்றே பெரிதாக,
பதினைந்து யூரோ பெறும்படி.